சனிக்கிழமை வரை வாழும் எழுத்து

ஆஸ்திரேலிய ஃபுட்பால் ரசிகர்கள் ஆட்டத்துக்கு முன்னால் எழுதும் வியூகக் கட்டுரைகளை நான் சில வருடங்களாக விடாமல் வாசித்து வருகிறேன். வியாழக்கிழமை மாலை இரண்டு அணிகளின் வீரர் பட்டியலும் வெளியாகும். அதைப் பார்த்துவிட்டு எங்கோ ஒரு ரசிகர் ராத்திரி சாப்பாட்டை முடித்துக்கொண்டு எழுத உட்காருவார். யார் உள்ளே, யார் வெளியே, அவர்களின் உயரமான முன்னணி வீரனை நம்மில் யார் மறிப்பது, மழை பெய்தால் என்ன செய்வது, கடைசியில் ஒரு கணிப்பு: நாம் 14 புள்ளி வித்தியாசத்தில் ஜெயிப்போம். சனிக்கிழமை மதியம் ஆட்டம் தொடங்கும் நொடியில் அந்தக் கட்டுரையின் ஆயுள் முடிந்தது. திங்கட்கிழமை அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இரண்டு நாள் ஆயுள் உள்ள ஒரு எழுத்தைப் பற்றி இவ்வளவு நீளமாகப் பேச என்ன இருக்கிறது என்று கேட்கலாம். எனக்கு இதில் ஒரு பெரிய குணமும் ஒரு பெரிய கோளாறும் தெரிகின்றன. இரண்டும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன என்பதுதான் என் விஷயம்.

நான் இதற்குள் வந்த கதை சாதாரணமானது. வேலை மென்பொருள் எழுதுவது. கொஞ்ச காலம் மெல்போர்னில் இருந்த ஒரு குழுவோடு தினமும் பேச வேண்டியிருந்தது. மார்ச் முதல் செப்டம்பர் வரை திங்கட்கிழமை மீட்டிங்கில் முதல் பத்து நிமிஷம் வேலைப் பேச்சே இருக்காது. யார் யாரை எப்படித் தோற்கடித்தார்கள் என்பதுதான் பேச்சு. புரியாமல் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கப் பிடிக்கவில்லை. படிக்க ஆரம்பித்தேன். ஆட்டத்தை ஒழுங்காகப் பார்ப்பதற்கு முன்பே, ஆட்டத்தைப் பற்றி எழுதுபவர்களிடம் மாட்டிக்கொண்டேன்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். ஒரு பக்கம் 18 பேர், இரண்டு பக்கமும் சேர்த்து 36 பேர். மைதானம் நீள்வட்டம், கிரிக்கெட் மைதானமேதான். பந்தும் நீள்வட்டம். ஒவ்வொரு முனையிலும் நான்கு கம்பங்கள். நடு இரண்டு கம்பங்களுக்கு இடையே காலால் உதைத்துப் பந்தைச் செலுத்தினால் கோல், 6 புள்ளி. பக்கத்து இடைவெளியில் போனால் 'பிஹைண்ட்', 1 புள்ளி. பந்தைக் கையில் எடுத்து ஓடலாம், ஆனால் 15 மீட்டருக்கு ஒருமுறை தரையில் தட்ட வேண்டும். கையால் எறியக் கூடாது, ஒரு கையில் வைத்து இன்னொரு கை முஷ்டியால் குத்தி அனுப்பலாம். 15 மீட்டராவது பறந்து வந்த உதையைத் தரையில் படாமல் பிடித்தால் அது 'மார்க்', பிடித்தவர் நிதானமாக நின்று அடுத்த உதையைப் போடலாம். ஆஃப்சைடு கிடையாது. இந்தக் கடைசி விதிதான், அல்லது விதி இல்லாமைதான், எல்லாவற்றுக்கும் மூலம். ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது 36 பேரில் யாரும் எங்கேயும் நிற்கலாம்.

கிரிக்கெட் முன்னோட்டம் எழுதுவது இதோடு ஒப்பிட்டால் சுலபம். ஒவ்வொரு பந்தும் தனித்தனி நிகழ்ச்சி. இந்த பவுலர், இந்த பேட்ஸ்மேன், இந்த பிட்ச் என்று கட்டம் போட்டுவிடலாம். இங்கே அது நடக்காது. உருண்டைப் பந்து எங்கே எகிறும் என்று ஓரளவு சொல்லிவிடலாம். கூர்முனையில் விழும் நீள்வட்டப் பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று அதை உதைத்தவருக்கே தெரியாது. இத்தனை தாறுமாறான ஒரு ஆட்டத்துக்கு முன்கூட்டியே வியூகம் எழுதுவது அடிப்படையில் ஒரு பிடிவாதக்காரன் வேலை. எனக்கு அந்தப் பிடிவாதம் பிடித்திருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், இந்த ஆட்டத்தின் பிறப்பிலேயே அப்படி ஒரு எழுத்து இருக்கிறது. 1858 ஜூலையில் டாம் வில்ஸ் என்ற கிரிக்கெட் வீரர் மெல்போர்ன் பத்திரிகை ஒன்றுக்குக் கடிதம் எழுதினார். குளிர்காலத்தில் கிரிக்கெட் வீரர்களின் உடம்பு துருப்பிடிக்காமல் இருக்க ஒரு ஃபுட்பால் கிளப் தொடங்கலாம் என்பது அதில் ஒரு யோசனை. அடுத்த வருடம் மே மாதம் விதிகள் எழுதப்பட்டன. நடக்காத ஒன்றை நடக்கலாம் என்று எழுதிவைப்பதில் தொடங்கிய ஆட்டம் இது.

*

இந்த வடிவத்தை எதை வைத்து அளப்பது? கணிப்பு பலித்ததா என்று பார்ப்பதுதான் முதலில் தோன்றும் அளவுகோல். அது தப்பான அளவுகோல் என்பதற்கு 2008 இறுதி ஆட்டத்தை எடுத்துக்கொள்கிறேன்.

ஜீலாங் அந்த வருடம் லீக் சுற்றின் 22 ஆட்டங்களில் 21-ஐ ஜெயித்திருந்தது. முந்தைய வருட இறுதி ஆட்டத்தை 119 புள்ளி வித்தியாசத்தில் வென்ற அணி அது. எதிரே ஹாதார்ன், அலஸ்டர் கிளார்க்ஸன் பயிற்சியில் இளைஞர்கள் நிறைந்த அணி. அந்த வாரம் ஒரு ஹாதார்ன் ரசிகர் எழுத உட்கார்ந்தால் என்ன எழுதியிருப்பார்? லான்ஸ் ஃப்ராங்க்ளினிடமிருந்து தொடங்கியிருப்பார், அந்த சீசனில் அவர் 113 கோல் போட்டவர். ஜீலாங்கில் அவரை யார் மறிப்பார்? கேரி ஆப்லெட்டை நம்மில் யார் துரத்துவது? எல்லாம் நியாயமான கேள்விகள்தான். ஆனால் எல்லாமே ஆளுக்கு ஆள் என்ற கணக்கு.

கிளார்க்ஸனின் கணக்கு வேறு. அவருடைய வீரர்கள் அந்த வருடம் ஆளை விட்டுவிட்டு இடத்தைக் காத்தார்கள். பந்து நகர நகர மொத்தக் கூட்டமும் ஒரு வலைபோல் சேர்ந்து நகரும். ஜீலாங்குக்கு உதைக்க ஆள் இருக்கும், ஆனால் அந்த ஆளுக்குப் போகும் வழி அடைபட்டிருக்கும். இறுதி ஆட்டத்தில் இன்னொன்றும் சேர்ந்தது. தங்கள் கோல் கம்பங்களுக்கு அருகே நெருக்கடி வந்தால் ஹாதார்ன் வீரர்கள் பந்தைத் தாங்களே தங்கள் கோட்டுக்குப் பின்னால் கொண்டுபோய் விட்டார்கள். எதிரணிக்கு 1 புள்ளிதான் கிடைக்கும், அதற்கப்புறம் பந்து ஹாதார்ன் கையில். 6 புள்ளி போகும் அபாயத்துக்குப் பதில் 1 புள்ளி கொடுத்துப் பந்தை வாங்கிக்கொள்வது. இதை 11 முறை செய்தார்கள்.

முடிவு: ஹாதார்ன் 18 கோல் 7 பிஹைண்ட், 115 புள்ளி. ஜீலாங் 11 கோல் 23 பிஹைண்ட், 89 புள்ளி. எத்தனை முறை புள்ளி எடுத்தார்கள் என்று எண்ணினால் ஜீலாங் 34, ஹாதார்ன் 25. அதிகமுறை கதவைத் தட்டியவர்கள் தோற்றார்கள்.

ஒரு இஞ்சினீயராக எனக்கு இது ரொம்பப் பரிச்சயமான காட்சி. விதிமுறையில் யாரும் கவனிக்காத ஒரு ஓட்டை, அதைக் கண்டுபிடித்துத் துணிந்து பயன்படுத்துகிற ஒருவர், மறுநாளே அதை அடைக்க வரும் திருத்தம். அடுத்த வருடமே லீக் விதியை மாற்றிவிட்டது. வேண்டுமென்றே பந்தைத் தன் கோட்டுக்குப் பின்னால் கொண்டுபோனால் எதிரணிக்கு ஃப்ரீ கிக். விதிப்புத்தகத்தையே திருத்த வைத்த வியூகம் என்பது சாதாரண வெற்றி இல்லை.

அந்த ஆட்டத்தின் மூன்றாவது கால்பகுதியில் சில நிமிடங்களில் போக்கை மாற்றியவர் ஸ்டூவர்ட் டியூ. வேறொரு அணியில் ஆடி, ஓய்வு பெற்று, ஒரு வருடம் ஒதுங்கியிருந்து, கிளார்க்ஸன் அழைத்ததால் திரும்பி வந்தவர். ஃப்ராங்க்ளினைப் பற்றி ஆறு பாரா எழுதுகிற எந்த ரசிகரும் டியூவுக்கு ஒரு வரிக்கு மேல் கொடுத்திருக்க மாட்டார். அதற்காக அந்தக் கட்டுரை மோசம் என்று சொல்லிவிட முடியுமா? முடியாது என்பது என் கட்சி. ஒரு முன்னோட்டத்திடம் நாம் கேட்க வேண்டியது வேறு: ஆட்டத்தில் எந்தக் காரணம் எந்த விளைவைத் தரும் என்று அது தெளிவாகச் சொன்னதா? எது நடந்தால் தன் வாதம் உடையும் என்பதை வாசகருக்குக் காட்டியதா? 'ஜீலாங் உள்ளே வரட்டும், ஆனால் கோணலான இடத்திலிருந்து உதைக்கட்டும்' என்று ஒரு ரசிகர் எழுதினால் அது சரிபார்க்கக்கூடிய வாக்கியம். 'இரண்டு அணிகளுக்கும் வாய்ப்பு இருக்கிறது, மனஉறுதி உள்ளவர்கள் ஜெயிப்பார்கள்' என்பது வாக்கியமே இல்லை, மூச்சு விடுகிற சத்தம்.

*

முடிவை வைத்து முன்னோட்டத்தை அளக்க முடியாது என்பதற்கு 2008-ஐ விடப் பலமான சாட்சி 2010. இறுதி ஆட்டம், செப்டம்பர் 25. காலிங்வுட்டும் செயின்ட் கில்டாவும். செயின்ட் கில்டா அதுவரை ஒரே ஒரு கோப்பைதான் வென்றிருந்தது, 1966-ல், அதுவும் ஒரே ஒரு புள்ளியில். ஆட்டம் முடிய இரண்டு நிமிஷம்கூட இல்லாதபோது லென்னி ஹேய்ஸ் நீளமாக ஒரு உதை விட்டார். பந்து தரையில் விழுந்தது. முன்னால் ஸ்டீபன் மில்ன், அவருக்கு முன்னால் காலி கோல். கைக்கு வர வேண்டிய பந்து பக்கவாட்டில் எகிறி உருண்டு பிஹைண்ட் ஆனது. 68-68. சமன்.

அப்போதைய விதிப்படி அடுத்த சனிக்கிழமை மறுபடி ஆட வேண்டும். அதே இரண்டு அணி, அதே பயிற்சியாளர்கள், அதே மைதானம், கிட்டத்தட்ட அதே வீரர்கள். அந்த ஒரு வாரம் ரசிகர்களுக்கு இந்த விளையாட்டில் அபூர்வமாகக் கிடைக்கும் ஒரு பரீட்சை வந்தது: அதே ஆட்டத்துக்கு இரண்டாம் முன்னோட்டம். எதிரணியைப் பற்றித் தெரியாத ரகசியம் எதுவும் மிச்சமில்லை, 120 நிமிடம் அவர்களை நேராகப் பார்த்தாகிவிட்டது. அக்டோபர் 2-ல் காலிங்வுட் 108-52 என்று ஜெயித்தது. முதல் வாரம் வித்தியாசம் பூஜ்யம், அடுத்த வாரம் 56.

இதில் எந்த வாரத்தின் முன்னோட்டம் சரி? முதல் வாரம் 'இரண்டும் சமமான அணிகள்' என்று எழுதியவர் மேதை, இரண்டாம் வாரம் அதையே எழுதியிருந்தால் முட்டாளா? அந்தப் பந்து ஒரு சாண் இந்தப் பக்கம் எகிறியிருந்தால் செயின்ட் கில்டாவின் வியூகத்தைப் புகழ்ந்து ஆயிரம் கட்டுரைகள் வந்திருக்கும். ஒரு எகிறலை வைத்து ஒரு சிந்தனையை மதிப்பிடக் கூடாது. இதை ஆட்டத்துக்குப் பிறகு எழுதுபவர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள். முடிவு தெரிந்த பிறகு எல்லாக் காரணங்களும் வரிசையில் வந்து நிற்கும். முன்னால் எழுதுபவருக்கு அந்த வசதி இல்லை, தன் பெயரைப் போட்டு இருட்டுக்குள் கையை நீட்டுகிறார். அந்த ஒரு காரணத்துக்காகவே, சுமாரான முன்னோட்டத்தைக்கூட நல்ல ஆட்ட விமர்சனத்தை விட மரியாதையோடு வாசிக்கிறேன்.

*

இப்போது மொழிக்கு வருகிறேன். இந்தக் கட்டுரைகளில் அதிகம் வரும் சொல் 'வீ'. வீ அவர்களின் நடுக்கள ஆட்டக்காரரை அடக்க வேண்டும், வீ ஓரக்கோடு வழியாகப் போக வேண்டும். பந்தைத் தொட்டே இராத ஒருவர், மைதானத்திலிருந்து எத்தனையோ கிலோமீட்டர் தள்ளி நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர், தன்னையும் சேர்த்துக்கொண்டு எழுதுகிறார். தமிழில் மனசுக்குள் மொழிபெயர்த்துக்கொண்டே வாசிப்பவன் என்பதால் எனக்கு ஒவ்வொரு முறையும் இங்கே ஒரு தடுக்கல் வரும். அது 'நாங்கள்' ஆ, 'நாம்' ஆ? எதிரணி ரசிகரைப் பார்த்துச் சொன்னால் நாங்கள். சக ரசிகரைப் பார்த்துச் சொன்னால் நாம். ஆங்கிலச் சொல் இரண்டையும் ஒரே பாத்திரத்தில் ஊற்றி வைத்திருக்கிறது.

கொஞ்ச நாள் இப்படிப் பிரித்துப் பார்த்ததில் ஒன்று புரிந்தது. மோசமான முன்னோட்டங்கள் எல்லாம் 'நாங்கள்' கட்டுரைகள். எதிரே இருப்பவரிடம் மார்தட்டுகின்றன. அதனால் எதிரணியைப் பற்றி எழுத அவற்றிடம் ஒன்றும் இருக்காது. அவர்கள் மெதுவானவர்கள், அவர்களுக்கு நடுவர் உதவி என்ற அளவோடு முடிந்துவிடும். நல்ல முன்னோட்டங்கள் 'நாம்' கட்டுரைகள். உள்வீட்டுப் பேச்சு. உள்வீட்டில்தான் பயத்தை ஒத்துக்கொள்ள முடியும். 'அவர்களுடைய பின்வரிசை நம்முடையதை விட நல்லது, இதை எப்படிச் சமாளிப்பது?' என்று ஆரம்பிக்கும் கட்டுரை எதிரியை உண்மையாகவே பார்க்கத் தொடங்கிவிடுகிறது. அவனுடைய ஓட்டம், அவன் எந்தக் காலால் உதைக்க விரும்புகிறான், நெருக்கினால் எந்தப் பக்கம் திரும்புகிறான் என்று. தன் அணி மீதான பிரியம் ஒருவரை எதிரணியின் நுட்பமான வாசகராக மாற்றிவிடுகிறது. வேறு எந்த எழுத்தில் வெறுக்க வேண்டியவனை இவ்வளவு பொறுமையாகப் படிக்கிறோம்? நான் சொன்ன பெரிய குணம் இதுதான். எதிரணி ரசிகர் வாசித்தால் 'ஆமாம், நாங்கள் இப்படித்தான் ஆடுவோம்' என்று தலையாட்டும்படி ஒரு பாராவாவது இருக்க வேண்டும். என் உரைகல் அது.

இரண்டாவது சொல் 'வேண்டும்'. தடுக்க வேண்டும், ஓட வேண்டும், அழுத்த வேண்டும். யாரிடம் சொல்கிறார்? பயிற்சியாளர் இதை வாசிக்கப் போவதில்லை. வீரர்கள் வாசிக்கப் போவதில்லை. அதிகாரம் துளியும் இல்லாத ஒருவர் எழுதும் கட்டளைகள் இவை. கேட்பதற்குச் சிரிப்பாக இருந்தாலும், ஜெயிக்க ஆசைப்படும் ஒரு மனசு சும்மா 'ஜெயிக்கட்டும்' என்று வேண்டிக்கொள்ளாமல் அந்த வெற்றி எந்த வழியாக வரமுடியும் என்று படிப்படியாக யோசிப்பது சின்ன விஷயமில்லை. 1966-க்குப் பிறகு கோப்பையே பார்க்காத செயின்ட் கில்டா ரசிகர் ஒருவர் இந்த வாரமும் வழியைத் தேடி எழுத உட்காருவார் என்றால், நம்பிக்கை அங்கே ஒரு உழைப்பாக மாறியிருக்கிறது.

*

குணத்தைச் சொல்லியாயிற்று, இனி கோளாறு. எதிரியைக் கூர்ந்து பார்க்கும் அதே கண்தான் ஆட்களைப் பகடைக்காய்களாகவும் பார்க்கிறது.

ஆஸ்திரேலிய ஃபுட்பால் பேச்சில் ஒரு அணியிடம் இருக்கும் வீரர்களை 'கேட்டில்' என்பார்கள். மாடுகள். 'நம்மிடம் அதற்கான மாடுகள் இல்லை' என்றால் அந்த வியூகத்துக்குத் தகுந்த வீரர்கள் இல்லை என்று அர்த்தம். பேச்சுவழக்குதான், யாரும் கெட்ட எண்ணத்தோடு சொல்வதில்லை. ஆனால் ஒரு முன்னோட்டத்தை முழுக்க வாசித்தால் அந்தச் சொல் இல்லாத இடத்திலும் அதன் வாடை அடிக்கும். காயப் பட்டியல் வரும் பாராவைப் பாருங்கள். லீக் விதிப்படி 2021 முதல் கன்கஷன், அதாவது தலையில் அடிபட்டு மூளை அதிர்ந்தவர் குறைந்தது 12 நாள் ஆடக் கூடாது. முன்னோட்டத்தில் இது காலண்டர் கணக்காகிவிடும்: போன சனிக்கிழமை அடிபட்டார், அப்படியென்றால் இந்த வாரம் இல்லை, அவர்கள் நடுக்களம் பலவீனம், நமக்கு இரண்டு கோல் லாபம். ஒருவருடைய மூளை வாக்கியத்தின் நடுவில் கிடக்கிறது, வாக்கியம் அதைத் தாண்டிப் போய்விடுகிறது.

கிரஹாம் ஃபார்மர் என்று ஒருவர். பந்தை முஷ்டியால் குத்தி அனுப்புவதை, அவசரத்துக்குச் செய்யும் காரியமாக இருந்ததை, தாக்குதல் ஆயுதமாகவே மாற்றிய மேதை. ஜீலாங் 1963-ல் கோப்பை வென்றபோது அந்த அணியில் ஆடியவர். அடுத்த கோப்பைக்கு அந்த ஊர் 44 வருடம், 2007 வரை காத்திருந்தது. 2019-ல் இறந்தார். திரும்பத் திரும்பத் தலையில் அடிபடுவதோடு தொடர்புள்ள சி.டி.இ. என்ற மூளைச் சிதைவு நோய் அவருக்கு இருந்தது 2020-ல் உறுதியானது. அப்படிக் கண்டறியப்பட்ட முதல் ஏ.எஃப்.எல். வீரர் அவர்தான். செயின்ட் கில்டாவின் முன்னாள் தலைவர் டேனி ஃப்ராலி, அவரும் 2019-ல் இறந்தவர், அவர் மூளையிலும் அதே நோய் காணப்பட்டது. இந்த ஆட்டத்தின் வியூக வரலாற்றை எழுதினால் ஃபார்மருக்கு ஒரு அத்தியாயம் கொடுத்தே ஆக வேண்டும். அதே ஆள், அதே தலை.

வியூகமே எழுதாதீர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஒவ்வொரு காயத்துக்கும் நின்று கண்ணீர் விடச் சொல்லவும் இல்லை, அது இன்னொரு வகைப் பொய். நான் கேட்பது வாக்கிய அளவில் ஒரு சின்ன விஷயம். எதிரணி வீரன் எந்தக் காலால் உதைப்பான் என்று தெரிந்துவைத்திருக்கும் அதே கவனம், அவன் போன வாரம் எப்படி விழுந்தான் என்பதையும் தெரிந்துவைத்திருக்கட்டும். 'அவர் இல்லாதது நமக்கு லாபம்' என்பதற்கும் 'அவர் இல்லை, அதனால் அவர்கள் வேறு வழியில் வருவார்கள்' என்பதற்கும் உள்ள தூரம் பெரிது. இரண்டாவது வாக்கியத்தில் வியூகம் கூடுதலாகவே இருக்கிறது, ஏனென்றால் அது எதிரணி அடுத்து என்ன செய்யும் என்று யோசிக்கிறது. முதலாவது வெறும் கழித்தல் கணக்கு. சோம்பேறித்தனமான வியூகமும் கருணையற்ற வாக்கியமும் பெரும்பாலும் ஒரே வரியில்தான் வருகின்றன என்பதை வாசித்து வாசித்துக் கண்டுகொண்டேன்.

எண்களை அள்ளிக் கொட்டும் கட்டுரைகளின் நோயும் இதே வேர்தான். இத்தனை முறை 50 மீட்டர் வளைவுக்குள் நுழைந்தார்கள், இத்தனை முறை நெரிசலிலிருந்து பந்தை எடுத்தார்கள் என்று அட்டவணை போட்டுவிட்டால் ஆட்டத்தைப் பார்த்த மாதிரி ஒரு பாவனை வந்துவிடுகிறது. 34-க்கு 25 என்று முன்னால் இருந்த ஜீலாங் தோற்ற கதையை மேலே பார்த்தோம். எந்த இடத்திலிருந்து, யார் துரத்த, எவ்வளவு அவசரத்தில் உதைத்தார்கள் என்று சொல்லாத எண் பாதி எண்தான். ஆளை மறந்த எண்ணும் ஆளை மாடாக்கிய சொல்லும் பக்கத்து வீட்டுக்காரர்கள்.

நீங்கள் இந்த ஆட்டத்தைப் பார்த்ததே இல்லை என்றாலும் ஒரு முன்னோட்டத்தை இரண்டு தடவை வாசித்துப் பாருங்கள் என்பேன். வெள்ளிக்கிழமை ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை முடிவு தெரிந்த பிறகு ஒருமுறை. இரண்டாவது வாசிப்பில் கணிப்பு எண்ணைத் தாண்டிப் போய்விடுங்கள், அது எப்படியும் பந்து எகிறிய பக்கம்தான். எதிரணியைப் பற்றிய பாராவில் மட்டும் நில்லுங்கள். அது இன்னும் உண்மையாக இருக்கிறதா, அதில் இருப்பவர்கள் இன்னும் மனிதர்களாக இருக்கிறார்களா என்று பாருங்கள். இரண்டுக்கும் ஆம் என்றால் அந்த ரசிகரின் பெயரைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். வியாழக்கிழமை பட்டியல் வரும். அவர் மறுபடி எழுதுவார்.